வராதவரின் வாக்கு: தனியுரிமை குறித்த வாக்கெடுப்புகளும் உறுப்பினர் பொறுப்பும்

முன்னுரை

சட்டமியற்றும் அவைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உறுப்பினர்கள் பேசியவற்றையும் வாக்களித்த முறையையும் ஆராய்கின்றன. வாக்களிக்காதவர்களைப் பற்றிய ஆய்வுகள் மிகச் சிலவே. வாக்குப் பட்டியலின் இறுதியில் 'வாக்களிக்காதோர்' என்னும் தலைப்பின்கீழ் இடம்பெறும் பெயர்களை நாம் வாசிக்காமலேயே கடந்துவிடுகிறோம். ஓரிரு வாக்குகளில் முடிவு மாறக்கூடிய வேளைகளில் இப்பழக்கம் நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் 2013, 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் தனியுரிமை குறித்து நடைபெற்ற மூன்று வாக்கெடுப்புகளை இக்கட்டுரை ஒப்பிட்டு நோக்குகிறது. மூன்றிலும் அரசின் கண்காணிப்பு அதிகாரத்திற்கு வரம்பு விதிக்கும் திருத்தம் முன்வைக்கப்பட்டது. மூன்றிலும் அத்திருத்தம் மயிரிழையிலோ சிறு வேறுபாட்டிலோ தோற்றது. அமெரிக்க அவையைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. அங்கு யார் எவ்வாறு வாக்களித்தார், யார் வரவில்லை என்பது பெயருடன் பதிவாகிறது. மேலும், நாம் நாள்தோறும் பயன்படுத்தும் தேடுபொறிகளையும் மின்னஞ்சல் சேவைகளையும் நடத்தும் பெருநிறுவனங்கள் அந்நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவை. அங்கே தோற்ற ஒரு திருத்தம் இங்கே வாழும் நமக்கும் முற்றிலும் தொடர்பற்றதன்று.

அவைக்கு வராமை தன்னளவில் குற்றமாகாது. அவ்வராமைக்குக் கணக்குக் காட்டாமையே குற்றம் என்பது நமது கருத்து. அக்கணக்கை எவ்வாறு கேட்பது என்பதை அவையின் விதிகளை அறிந்த பின்னரே முடிவு செய்ய இயலும்.

சொல்லும் பொருளும்

'தனியுரிமை' என்னும் சொல் தமிழில் இன்னும் முழுமையாக நிலைபெறவில்லை. வணிகத்தில் ஒருவருக்கு மட்டுமே உரிய விற்பனை உரிமையையும் இச்சொல்லாலேயே குறித்து வந்துள்ளோம். 'அந்தரங்கம்' என்பது பழகிய சொல்லாயினும் அதில் மறைக்கத்தக்க ஏதோ ஒன்று உண்டு என்னும் குறிப்பு ஒட்டிக்கொண்டுள்ளது. இங்குப் பேசப்படும் பொருள் அதுவன்று. நள்ளிரவில் தம் தாயின் நோயைப் பற்றி இணையத்தில் தேடும் மாணவரிடம் மறைக்கத்தக்க குற்றம் எதுவும் இல்லை. கடனைப் பற்றியோ, மணமுறிவைப் பற்றியோ, சமய ஐயத்தைப் பற்றியோ தேடுபவரிடமும் இல்லை. எனினும் அத்தேடல்களின் வரிசையை ஒருங்கே வாசிப்பவர், அம்மனிதர் நெருங்கிய நண்பரிடமும் சொல்லாதவற்றை அறிந்துகொள்வார். அவ்வாசிப்புக்கு முன் ஒரு நீதிபதியின் அனுமதி வேண்டுமா, எத்தகைய காரணத்தின் பேரில் வேண்டும் என்பதே இவ்விவாதங்களின் மையம்.

'பொறுப்புக்கூறல்' என்பதும் அண்மைக்காலச் சொல்லாக்கமே. ஆயினும் அதன் கருத்து நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், வாரியங்களில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரின் பெயரையும் அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரையும் குடவோலையில் இடக்கூடாது என விதிக்கின்றன. அது பிராமணக் குடியிருப்பொன்றின் சபை. நிலமும் வேதப் பயிற்சியும் தகுதியாகக் கொள்ளப்பட்ட சபை. அதனை இன்றைய மக்களாட்சியின் முன்னோடியாகக் காட்டிப் பெருமை கொள்வது வரலாற்று நேர்மையாகாது. எனினும் அவ்விதியின் நுட்பம் நமக்குப் பயன்படுகிறது. பணத்தைக் கையாடியவர் மட்டுமன்றி, கணக்குக் காட்டாதவரும் அதில் விலக்கப்படுகிறார். செயலின் குற்றம் வேறு, விளக்கம் தராமையின் குற்றம் வேறு என்னும் இப்பாகுபாட்டை இனிவரும் பகுதிகளில் நாம் கைக்கொள்கிறோம்.

2020 மே 13: ஒரு வாக்கு

2001ஆம் ஆண்டின் பேட்ரியட் சட்டத்தின் 215ஆம் பிரிவு, உளவு விசாரணைக்குத் 'தொடர்புடையவை' எனக் கருதப்படும் ஆவணங்களை நிறுவனங்களிடமிருந்து பெற அரசுக்கு வழிவகுத்தது. குற்றவியல் வழக்குகளில் தேடுதல் ஆணை பெறுவதற்குக் காட்டவேண்டிய வலுவான காரணத்தை விட இது மிகத் தாழ்ந்த தகுதிநிலை. அப்பிரிவு 2020 மார்ச் 15இல் காலாவதியானது. அதனைப் புதுப்பிக்கும் மசோதா மே மாதம் செனட்டின் முன் வந்தபோது, ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனும் குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் டெய்ன்ஸும் இணைந்து ஒரு திருத்தத்தை முன்மொழிந்தனர். இணையத்தில் ஒருவர் பார்த்த பக்கங்களின் வரலாற்றையும் தேடல் வரலாற்றையும் இப்பிரிவின்கீழ்ப் பெறக்கூடாது என்பது அதன் சாரம்.

மே 13ஆம் நாள் வாக்கெடுப்பில் 59 பேர் ஆதரித்தனர். 37 பேர் எதிர்த்தனர். திருத்தம் தோற்றது. ஏனெனில் அது நிறைவேற 60 ஆதரவு வாக்குகள் தேவை என முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது. நால்வர் வாக்களிக்கவில்லை: லமார் அலெக்சாண்டர், பேட்டி மர்ரே, பெர்னி சாண்டர்ஸ், பென் சாஸ். நால்வருள் எவரேனும் ஒருவர் வந்து ஆதரித்திருப்பின் திருத்தம் வென்றிருக்கும்.

இந்த நால்வரையும் ஒரே தட்டில் வைத்தல் முறையன்று. அலெக்சாண்டர், தம் அலுவலர் ஒருவருக்குக் கொரோனா தொற்று உறுதியானதால் தம்மைத் தனிமைப்படுத்திக்கொண்டிருந்தார். மர்ரே தலைநகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வந்திருப்பின் ஆதரித்திருப்பார் என அவர் தரப்பிலிருந்து தெரிவிக்கப்பட்டது. சாண்டர்ஸ், 2001இல் பேட்ரியட் சட்டத்தையே எதிர்த்து வாக்களித்தவர். ஆகவே அவருடைய வராமையே பெரும் வியப்பையும் கண்டனத்தையும் தோற்றுவித்தது. கொள்கைப் பற்றுடையவர் என அறியப்பட்டவரிடம் மக்கள் கூடுதலாக எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் எதிர்பார்ப்பின் அளவைக் கொண்டு பொறுப்பின் அளவைக் கணக்கிடலாகாது.

வராமையின் எடை

வராதவர் நடுநிலை வகித்தவர் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அவையின் விதியைப் பொறுத்தே இது மெய்யோ பொய்யோ ஆகும். மூன்று வாக்கெடுப்புகளை அருகருகே வைத்து நோக்கினால் இது தெளிவாகும்.

எட்வர்ட் ஸ்னோடனின் வெளிப்படுத்தல்களை அடுத்து, 2013 ஜூலை 24இல் பிரதிநிதிகள் சபையில் அமாஷ்–கான்யர்ஸ் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. தொலைபேசி அழைப்பு விவரங்களை மொத்தமாகத் திரட்டுவதைத் தடுப்பது அதன் நோக்கம். ஆதரவு 205, எதிர்ப்பு 217, வாக்களிக்காதோர் 12. வராத பன்னிருவரும் வந்து ஆதரித்திருந்தாலும் 217க்கு 217 எனச் சமநிலையே கிட்டியிருக்கும். சமநிலையில் முன்மொழிவு தோற்றதாகக் கொள்வது அச்சபையின் விதி. ஆகவே அந்நாளில் வராதவர்கள் தனித்து முடிவை மாற்றியிருக்க இயலாது. அவர்களைச் சாடுவது எதிர்த்து வாக்களித்த 217 பேரை மறைப்பதாகவே முடியும்.

2020இல் நிலைமை நேர்மாறானது. வந்தோரில் பெரும்பான்மை என்னாது 60 என்னும் நிலையான எண் விதிக்கப்பட்டிருந்தது. அத்தகைய விதியின்கீழ் எதிர்த்தவரும் வராதவரும் கணக்கில் ஒருவரே. வைடன்–டெய்ன்ஸ் திருத்தத்தின் ஆதரவுப் பத்தியில் இருவருமே ஒரு வாக்கைக் குறைத்தனர். நடுநிலை என்னும் இடமே அங்கு இல்லை.

2024 ஏப்ரல் 12 மூன்றாவது வகை. வெளிநாட்டு உளவுக் கண்காணிப்புச் சட்டத்தின் 702ஆம் பிரிவின்கீழ்த் திரட்டப்பட்ட தகவல்களில் அமெரிக்கர்களைப் பற்றித் தேடுவதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும் என்னும் திருத்தம் பிரதிநிதிகள் சபையில் 212க்கு 212 எனச் சமநிலையில் தோற்றது. குடியரசுக் கட்சியினர் 128 பேரும் ஜனநாயகக் கட்சியினர் 84 பேரும் ஆதரித்தனர். வழக்கமாக வாக்களிக்காத சபாநாயகர் மைக் ஜான்சன் அன்று எதிர்த்து வாக்களித்தார். ஆதரவாளர் ஒருவர் கூடுதலாக வந்திருந்தாலோ எதிர்ப்பாளர் ஒருவர் வராதிருந்தாலோ முடிவு மாறியிருக்கும். அதாவது, இங்கு வராமை இருபுறமும் கூர்மையுடையது. அம்மசோதா பின்னர்ச் செனட்டில் 60க்கு 34 என நிறைவேறி, அப்பிரிவு 2 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

இணைவாக்கு என்னும் மரபையும் இங்குக் குறிப்பிடுதல் தகும். வர இயலாத உறுப்பினர் ஒருவருக்காக, எதிர்த்தரப்பில் வந்திருக்கும் ஒருவர் தம் வாக்கை நிறுத்திவைப்பது அம்மரபு. 2018 அக்டோபர் 6இல் பிரெட் கவனாவின் நீதிபதி நியமனம் 50க்கு 48 என உறுதியானபோது, மகளின் திருமணத்திற்குச் சென்றிருந்த டெய்ன்ஸுக்காக லிசா மர்கோவ்ஸ்கி தம் எதிர்ப்பு வாக்கை விலக்கிக்கொண்டார். அதே டெய்ன்ஸ் 2020இல் முன்மொழிந்த திருத்தத்தை இம்மரபு காப்பாற்றியிருக்க முடியாது. எதிர்ப்பாளர் நால்வர் பெருந்தன்மையோடு ஒதுங்கியிருந்தாலும் ஆதரவு 59ஆகவே நின்றிருக்கும். நிலையான எண்ணை விதிக்கும்போது வராதவருக்கு அவை தரும் கண்ணியமான மாற்றுவழியும் அடைபடுகிறது.

யாரைக் கேட்பது?

மே 13க்குப் பின் எழுந்த கண்டனம் பெரும்பாலும் நால்வரையே சூழ்ந்தது. இதில் நியாயம் உண்டு; குறையும் உண்டு. குறையை முதலில் நோக்குவோம்.

திருத்தத்தை எதிர்த்த 37 பேரில் 10 பேர் ஜனநாயகக் கட்சியினர். ஆதரித்த 59 பேரில் 24 பேர் குடியரசுக் கட்சியினர். அதாவது, கட்சி எல்லை இவ்வாக்கெடுப்பில் கலைந்திருந்தது. எதிர்த்த ஒவ்வொருவரும் தம் மனமறிந்து அவ்வாறு செய்தனர். அவர்களுள் ஒருவர் மாறியிருந்தாலும் திருத்தம் வென்றிருக்கும். வராதவரின் பெயர் பரபரப்பாவதும், எதிர்த்தவரின் பெயர் பட்டியலுக்குள் அமிழ்ந்துவிடுவதும் ஒரு விந்தையான தலைகீழ் மாற்றமே.

அடுத்து, 60 என்னும் எண் இயற்கையாக அமைந்ததன்று. திருத்தங்களை விரைந்து வாக்கெடுப்புக்குக் கொணரச் செனட் உறுப்பினர்கள் ஒருமித்த இசைவினால் ஏற்றுக்கொண்ட நிபந்தனை அது. எளிய பெரும்பான்மை போதுமென இருந்திருப்பின் 59 வாக்குகள் பெருவெற்றி. எந்த ஒரு உறுப்பினரும் தடை சொல்லியிருக்கக்கூடிய அந்த இசைவுக்கு அவை முழுவதுமே பொறுப்பு. தடை சொல்லியிருந்தால் திருத்தம் வாக்கெடுப்புக்கே வராமற் போயிருக்கலாம் என்னும் எதிர்வாதம் வலுவானதே. இருப்பினும், நூற்றுவரும் ஏற்ற விதியின் விளைவை நால்வரின் தலையில் மட்டும் சுமத்துவது பொருந்தாது.

மூன்றாவது, நிறுவனத்தின் பொறுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் பயணமும் நலமும் நிச்சயமற்றிருந்தன. இவ்வாக்கெடுப்புக்கு இரண்டே நாள் கழித்து, 2020 மே 15இல், பிரதிநிதிகள் சபை பதிலாள் வழி வாக்களிக்கும் முறையைத் தற்காலிகமாக ஏற்றது. 2023 ஜனவரியில் அது முடிவுற்றது. செனட் அத்தகைய முறை எதையும் ஏற்கவில்லை. தனிமைப்படுத்தலில் இருந்த உறுப்பினரை, வர விரும்பாத உறுப்பினரோடு ஒரே பத்தியில் அச்சிடும் பதிவுமுறைக்கும் இதில் பங்குண்டு.

இவ்வளவும் சொன்னபின், நால்வரிடம் கேட்கவேண்டிய கேள்வி எஞ்சியே நிற்கிறது. நோயுற்றிருப்பவரை 'ஏன் வரவில்லை' என்று கேட்பதில் பயனில்லை. ஆனால் 'வந்திருந்தால் எவ்வாறு வாக்களித்திருப்பீர்' என்பதற்கு விடையளிக்க உடல்நலமோ விமானச் சீட்டோ வேண்டியதில்லை. பதிவேட்டில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரி வாக்காகாது என்பது உண்மை. எனினும், வாக்காளர் அடுத்த தேர்தலில் கருதிப்பார்க்கத்தக்க ஒரு நிலைப்பாட்டை அது பதிவு செய்கிறது. அதனைத் தராதவர், விரும்பிய தரப்பிடம் விரும்பியபடி தம் மௌனத்தை விளக்கிக்கொள்ளும் வசதியைப் பெறுகிறார். வராமையால் கிடைக்கும் ஊதியம் இதுவே.

செனட்டின் விதிகளே இதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்துள்ளன. ஒரு முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமை, வென்ற தரப்பினருக்கு மட்டுமன்றி வாக்களிக்காதவருக்கும் உண்டு. அன்றோ அடுத்த இரு அமர்வு நாள்களுள்ளோ அதனைக் கோரலாம். வராமை நேரக்கூடியது, அதன் விளைவு திருத்தப்படக்கூடியதாக இருக்கவேண்டும் என்னும் பண்பட்ட சிந்தனை இவ்விதியில் உள்ளது. முன்கூட்டியே செய்துகொள்ளும் உடன்பாடுகளும், முடிவு அறிவிக்கப்பட்டவுடன் இக்கோரிக்கையைச் சடங்காக ஒதுக்கிவைக்கும் வழக்கமும் இவ்வழியைப் பெரும்பாலும் பயனற்றதாக்கிவிட்டன. நோயின்றி வராத உறுப்பினருக்கு ஊதியம் பிடித்தம் செய்யும் சட்டமும் அந்நாட்டில் 19ஆம் நூற்றாண்டு முதல் உண்டு. அது அரிதாகவே நடைமுறைப்படுத்தப்பட்டது. விதி இல்லாமை அன்று, இருக்கும் விதியைக் கையாளாமையே குறை எனலாம்.

கதையின் பிற்பகுதியும் கருதத்தக்கது. செனட் வேறொரு திருத்தத்தை ஏற்றதால் மசோதா மீண்டும் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. அங்கு ஆதரவு சிதறியது. குடியரசுத் தலைவர் டிரம்ப் தம் மறுப்பதிகாரத்தைப் பயன்படுத்துவதாக எச்சரித்தார். மே இறுதியில் வாக்கெடுப்பு கைவிடப்பட்டது. 215ஆம் பிரிவின் விரிந்த அதிகாரம் புதுப்பிக்கப்படவே இல்லை. அப்படியாயின் நால்வரின் வராமையால் தீங்கு நேரவில்லையே எனச் சிலர் கூறக்கூடும். பூட்டாமல் சென்ற வீட்டில் திருடன் நுழையவில்லை என்பதால் பூட்டாமை பொறுப்பாகிவிடாது. மேலும், இணையத் தேடலுக்குச் சட்டத்திலேயே வெளிப்படையான காப்பு ஒன்றை எழுதிவைக்கும் வாய்ப்பு அன்று நழுவியது.

நம் அவைகளை நோக்கி

இவ்வாய்வினை அயல்நாட்டுக் குறைகாணலாகக் கொள்ளுதல் கூடாது. நால்வரின் பெயரை நாம் அறிவது அங்குப் பெயர்கள் பதிவாவதால்தான். மலேசிய மக்களவையில் பெரும்பாலான முடிவுகள் குரல் வாக்கெடுப்பில் அமைகின்றன. குறைந்தது 15 உறுப்பினர்கள் எழுந்து நின்று கோரினாலே தனித்தனி வாக்குகள் எண்ணப்படும். குரல் வாக்கெடுப்பில் ஆதரித்தவருக்கும் எதிர்த்தவருக்கும் வராதவருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. கேள்வி கேட்கப் பெயரே இல்லாதபோது பொறுப்புக்கூறல் தொடங்குவதற்கு இடமில்லை.

நிலையான எண்ணின் விளைவும் நமக்குப் புதிதன்று. நம் அரசமைப்பைத் திருத்த, அவையின் மொத்த உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர், அதாவது 222 பேரில் 148 பேர், ஆதரிக்கவேண்டும். 2019 ஏப்ரல் 9இல் சபா, சரவாக் மாநிலங்களின் தகுநிலை பற்றிய திருத்தத்தை 138 பேர் ஆதரித்தனர், 59 பேர் வாக்களிக்காது விலகி நின்றனர், எதிர்த்தவர் ஒருவருமிலர். திருத்தம் தோற்றது. எதிர்ப்பே இல்லாத தோல்வி என்னும் முரண், வாக்களிக்காமையின் எடையைப் பாடநூலை விடத் தெளிவாக உணர்த்துகிறது.

தனியுரிமை என்று வரும்போது இது மேலும் கூர்மை பெறுகிறது. 2010ஆம் ஆண்டின் மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் பொது அமைப்புகளை விலக்கியே வைத்துள்ளது. அமெரிக்காவில் 2024இல் தோற்ற திருத்தமோ, வென்றிருந்தாலும் அந்நாட்டவரை மட்டுமே காத்திருக்கும். 702ஆம் பிரிவின் கண்காணிப்பு இலக்காவோர் அந்நாட்டுக்கு வெளியே வாழும் பிறநாட்டவரே. இவ்வகையில் நாம் இரு அவைகளுக்கு இடையே நிற்கிறோம். ஓர் அவையில் நமக்கு வாக்கில்லை. மற்றோர் அவையில் நம் உறுப்பினரின் வாக்கு பல வேளைகளில் பதிவாவதில்லை.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றால் சில முடிவுகளைப் பெறலாம். வராமையை மதிப்பிடும் முன் அவ்வாக்கெடுப்பின் விதியை அறிதல் வேண்டும். 2013இன் வராமையும் 2020இன் வராமையும் ஒன்றல்ல. வராதவரைக் கேட்கும் முன் எதிர்த்தவரைக் கேட்டல் வேண்டும். ஆனால் கேட்டு முடித்தபின் வராதவரை விட்டுவிடலாகாது. காரணம் தக்கதாயினும் நிலைப்பாட்டை எழுத்தில் தெரிவித்தல் உறுப்பினரின் கடமையாக அவை விதிகளில் இடம்பெறுதல் வேண்டும்.

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நாடாளுமன்றத்தைப் பற்றிக் கற்பிக்கும்போது அதன் அமைப்பையும் அதிகாரத்தையும் விளக்குகிறோம். ஒரு வாக்குப் பட்டியலை எவ்வாறு வாசிப்பது என்பதை அரிதாகவே கற்பிக்கிறோம். ஆதரித்தோர், எதிர்த்தோர், வாக்களிக்காதோர் என்னும் மூன்று பத்திகளையும் மாணவர் முன் வைத்து, 'இவ்விதியின்கீழ் மூன்றாம் பத்தியினர் யார் பக்கம் நின்றனர்?' என ஒரு வினா எழுப்பினால் போதும். 2020இல் அவ்வினாவிற்குரிய விடை 37 அன்று, 41 என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வர்.